ஸ்டாப்பரின் பந்தைப் பிடித்தவன்

கால்பந்தை உதைத்தே வயிறு வளர்த்து, ஊரில் வீடு வாங்கி, தங்கைக்குக் கல்யாணமும் செய்துவைத்து, அத்தனைக்கும் பிறகு ஆயுசில் ஒரு கோல்கூடப் போடாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். கொரியாக்காரர். பேரை ஸ்டாப்பர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நாங்களும் அப்படித்தான் வைத்துக்கொண்டோம். அவர் அடித்த பந்துகளுக்கு எதிரே கோலில் நின்றவன் நான். என்னோடு இன்னொருவரும் நின்றார். அவர் செத்துப்போனவர்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அரசாங்க ஆபீசில் தலை நரைக்கும்வரை கோப்பு தள்ளியவன்தான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ குடிக்கிற ஜாதி. விழிதியூரில் வயலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இருட்டு ஒன்றும் புதிதில்லை. அப்படிப்பட்ட நான் இன்றைக்கும் கடற்கரைத் திடலில் சாயங்காலம் தனியாக நிற்கமாட்டேன். காரணம் ஸ்டாப்பர்.

காரைக்கால் துறைமுகத்தில் கிரேன் நிறுத்த வந்த ஒரு கொரியா கம்பெனியில் அவருடைய சித்தப்பா மகன் பெரிய அதிகாரி. அந்தத் தயவில் இவரும் வந்தார். தலையில் பாதுகாப்புத் தொப்பி போடாதவர்களைத் தொப்பி போடச் சொல்வதுதான் வேலை. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், கட்டிய பழைய வீடு இருக்கிறது. குடும்பமே பாரிஸுக்குப் போய்விட்டதால் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதில்தான் குடிவந்தார். ஆறடி உயரம், ஒட்ட வெட்டிய நரை முடி. நடந்தால் வலது முட்டி டக், டக்கென்று சத்தம் போடும். அவர் வருகிறார் என்பது தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

தமிழை டீக்கடையில் கற்றுக்கொண்டார். அவருக்குக் கிடைத்த முதல் பாடம் யாரையும் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது. அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வாசலில் படுத்திருக்கும் நாயிடம், "கொஞ்சம் தள்ளுங்க, உள்ள போகணுங்க" என்பார். நாயும் எழுந்து வழிவிடும். நாங்கள் கத்தினால் அது காதைக்கூட ஆட்டாது.

இனி எங்கள் டீமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சும்மா நடந்தால் போரடிக்கிறது என்று உதுமான் பாய் ஒரு பந்தை வாங்கிவந்துவிட்டார். திருமலைராயன்பட்டினத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர். முன்னால் நின்று கோல் போடுகிற ஆள், ஆனால் ஓடமாட்டார். "பந்து நம்ம நசீபுல இருந்தா நம்ம காலுக்கு வரும்" என்று விதியை நம்பி நின்ற இடத்திலேயே நிற்பார். பட்டினச்சேரிக் கடலோடி செல்வம் இரண்டு இரும்புக் கம்பத்துக்கு நடுவே தன்னுடைய பழைய மீன்வலையைக் கட்டிக் கோல் செய்து கொடுத்தான். நான் கோலி, கோலைக் காக்கிற ஆள். ஓடத் தேவையில்லாத வேலை அது ஒன்றுதான் இருந்தது.

ஸ்டாப்பர் ஒரு நாள் சாயங்காலம் திடலோரம் வந்து நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். முகத்தில் அவ்வளவு துக்கம். உதுமான் பாய்க்கு மனசு கேட்கவில்லை.

"சார், நீங்க ஆடியிருக்கீங்களா?"

"ஆடினேங்க. ரொம்ப வருஷம் ஆடினேங்க. சம்பளத்துக்கு ஆடினேங்க."

"எந்த எடத்துல?"

"ஸ்டாப்பர்ங்க. பின்னால நின்னு தடுக்கிற ஆளுங்க."

அவ்வளவுதான், பேர் விழுந்துவிட்டது. பந்தை அவர் காலில் போட்டார்கள். ஓர் அடி எடுத்துவைத்து அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கமாக விழுந்தேன். எழுந்து பார்த்தால் பந்து கோலுக்கு வெளியே கிடக்கிறது. மறுபடி அடித்தார், மறுபடி விழுந்தேன், மறுபடியும் பந்து வெளியே. அன்றைக்கு அவர் அடித்த ஒன்றும் உள்ளே போகவில்லை.

வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். "சம்பளத்துக்கு ஆடின கொரியாக்காரரு, மங்கை. ஒரு பந்து விடலையே" என்றேன். என் மனைவி வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேஸ் சிலிண்டர உள்ள வைக்கச் சொன்னா இடுப்பு புடிச்சிக்குது. பந்து மட்டும் புடிக்க வருதாக்கும்" என்றாள். பொறாமை என்று விட்டுவிட்டேன். மறுநாளே போய்க் கோலிகள் மாட்டுகிற கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். சலூனில், ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே உட்கார்ந்தாலும் கொரியாவை நான் ஒற்றை ஆளாக நிறுத்திய கதையைத்தான் சொன்னேன்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒவ்வொரு பந்து நின்ற பிறகும் ஸ்டாப்பர் லேசாகத் தலை குனிந்து ஏதோ கொரிய மொழியில் சொல்வார். பாராட்டுதான். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லமாட்டார். எனக்கு வலது பக்கம், ஓர் ஆள் தள்ளிப் பார்த்துச் சொல்வார். மாறுகண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தன்னுடைய ஆட்ட வாழ்க்கையை அவர் டீக்கடையில் தவணை தவணையாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் உயரமாக இருந்த குற்றத்துக்காகப் பின்னால் நிறுத்தினார்களாம். அன்றைக்கு நின்றவர்தான், கடைசிவரை முன்னால் வரவில்லை. முதலில் இரண்டாம் டிவிஷனில் ஒரு சின்ன கிளப். பிறகு அவர்கள் நாட்டுச் சட்டப்படி ராணுவம். அங்கேயும் துப்பாக்கியைவிடப் பந்தைத்தான் அதிகம் கொடுத்தார்கள். அப்புறம் கப்பல் கட்டுகிற ஊரில் ஒரு பெரிய கிளப். பனி கொட்டுகிற நாளில் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது என்று ஆரஞ்சு நிறப் பந்து போடுவார்களாம். ஒரே ஒரு தடவை தேசிய அணியில் பேர் வந்தது. பஸ்ஸில் ஏறினார், பெஞ்சில் உட்கார்ந்தார், திரும்ப பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தார். அதற்குக் கொடுத்த ட்ராக் சூட்டைத்தான் காரைக்கால் வெயிலில் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் போவார்.

"எத்தனை கோல் போட்டீங்க சார்?" என்று உதுமான் பாய் கேட்டார்.

"ரெண்டுங்க."

"பரவால்லையே."

ஸ்டாப்பர் பெருமையாகப் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். யாரோ அடித்த பந்து அவர் மண்டையில் பட்டு, அவருடைய சொந்தக் கோலுக்குள்ளேயே போகிறது. "இது நம்ம கோல்ல போட்டதுங்க. இன்னொண்ணும் நம்ம கோல்தாங்க" என்றார். எதிராளி கோலில் ஒன்றுமே கிடையாது. முட்டி போன பிறகு ஆட்டத்தை விட்டார். அந்த ஊர் ஆட்டக்காரர்கள் பலர் செய்வதுபோலக் கோழி வறுக்கிற கடை வைத்தார். வந்தவர்களெல்லாம் கோழியை விட்டுவிட்டு அந்தச் சொந்தக் கோலைப் பற்றியே விசாரித்ததால் கடையைச் சாத்திவிட்டார்.

கார்த்திகை மழை விட்டிருந்த சமயம், திடல் ஈரமாக இருந்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். நான் கோலுக்குப் பின்னால் இருக்கிற சவுக்குத் தோப்புக்குள் ஒதுங்கியிருந்தேன். ஸ்டாப்பர் தனியாக நின்றிருந்தார். கோல் காலி. அவர் பந்தை வைத்து அடிப்பதை மரங்களுக்கு நடுவிலிருந்து பார்த்தேன். நேராக, நடுவாக, பலமாக வந்தது. கோட்டுக்கு வந்ததும் நின்றது.

நின்றது என்றால் உருண்டு நிற்கவில்லை. இடுப்பு உயரத்தில் நின்றது, பிறகு பொத்தென்று கீழே விழுந்தது. கூடவே ஒரு சத்தம் கேட்டது. பந்து கையுறையில் மோதுகிற சத்தம். அதைத் தப்பாக நினைக்க எனக்கு வழியில்லை, காசு கொடுத்துக் கையுறை வாங்கி அந்தச் சத்தத்துக்காகவே ஏங்கியவன் நான். வலை துளிக்கூட அசையவில்லை. ஸ்டாப்பர் லேசாகத் தலை குனிந்தார், ஏதோ சொல்லிச் சிரித்தார். பந்து தானாக அவரை நோக்கி உருண்டு போனது.

அவர் போன பிறகு கோட்டருகே போய்ப் பார்த்தேன். ஈர மண்ணில் என்னுடைய காலடிப் பள்ளம் இருந்தது. வலது பக்கம், ஓர் ஆள் தள்ளி, இன்னொரு ஜோடிப் பள்ளம். முன்விரல் மட்டும் ஊன்றி, பாயத் தயாராக நிற்கிற கால். நான் என்றைக்கும் குதிகாலில்தான் நிற்பேன். வியர்த்துவிட்டது. பயம் பாதி, அவமானம் மீதி. இத்தனை மாதமாக நான் பிடித்ததாக ஊரெல்லாம் சொன்ன பந்துகளில் ஒன்றைக்கூட நான் பிடிக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் டீம் கூடியது. "கடல் காத்துண்ணே" என்றான் செல்வம். காற்று பந்தைத் திருப்பிக் கொடுக்குமா என்று கேட்டேன். மறுநாள் அவனே கோல் கம்பத்தில் எலுமிச்சம்பழம் கட்டினான். உதுமான் பாய் ஓதிய தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கம்பத்திலும் தெளித்தார். ஸ்டாப்பர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துச் செல்வத்தின் கையில் கொடுத்தார்.

"இது வேணாங்க. அவன் நல்ல பையன்ங்க" என்றார்.

யார் என்று கேட்கிற தைரியம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

மாசி மாதம் ஒரு நாள் அவரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "நாளைக்குச் சாயங்காலம் சாப்பிட வாங்க. யோங்சூவும் வர்றான்" என்றார். கொரியாவிலிருந்து விருந்தாளி வருகிறார் என்று மங்கை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மெதுவடை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். விளக்கு வைக்கிற நேரம். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு தாழ்வான மேஜை. அதில் பழம், மீன், சாதம், ஒரு சின்னக் கிண்ணத்தில் சாராயம், ஊதுபத்தி. நடுவில் ஒரு பையனுடைய படம், கையில் கோலிக் கையுறை. சாதத்தில் ஒரு ஸ்பூன் செங்குத்தாக நட்டு வைத்திருந்தது.

மங்கை என் காதருகே வந்தாள். "ஏங்க, இது படையலுங்க. விருந்தாளி போட்டோல இருக்காருங்க."

நான் கதவைச் சாத்தப் போனேன். "சாத்தாதீங்க. இன்னும் வரலைங்க" என்றார் ஸ்டாப்பர்.

ஊதுபத்திப் புகை கலையக் கூடாது என்று ஃபேனை நிறுத்தியிருந்தார். மூன்று பேரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நேராகப் போய்க்கொண்டிருந்த புகை ஒரு கட்டத்தில் ஆள் குறுக்கே போனால் வளைகிற மாதிரி வளைந்தது, மறுபடி நேரானது. எங்களுக்கு எதிரே போட்டிருந்த பாயின் நடு மெல்ல அமுங்கியது. "வந்துட்டான்" என்று ஸ்டாப்பர் வடைத் தட்டை அந்தப் பக்கம் நகர்த்தினார். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் எதிரே அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

பிறகுதான் கதை வந்தது. கப்பல் கட்டுகிற ஊரில், கிளப் ஹாஸ்டலில், யோங்சூ இவருடைய ரூம் கூட்டாளி. மாற்றுக் கோலி. அவனை ஒரு மேட்சிலும் இறக்கவில்லை. அப்பா, அம்மா, யாரும் கிடையாது. பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு இவர்கள் இரண்டு பேரும் மைதானத்தில் இருப்பார்கள். இவர் அடிப்பார், அவன் பிடிப்பான். "எனக்கு ஆட்டம் குடுக்காட்டி போகட்டும், உன் பந்து ஒண்ணையும் உள்ள விடமாட்டேன்" என்பானாம். ஒன்றையும் விடவில்லை. அப்புறம் அவனுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நான் செத்ததும் கோல் போட்டுடலாம்னு பாக்காத. அப்பவும் நிப்பேன்" என்று சொன்னானாம்.

"நிக்கிறான்ங்க" என்றார் ஸ்டாப்பர், சாதாரணமாக.

"உங்களுக்குப் பயமா இல்லையா சார்?" என்று மங்கை கேட்டாள்.

"கோலிகிட்ட என்னங்க பயம்? ஆவணியில ஊருக்குப் போறேங்க. முட்டியில ஆபரேஷன். அதுக்கப்புறம் பந்து உதைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அதுக்குள்ள அவனைத் தாண்டி ஒரு கோல் போடணுங்க. ஒண்ணு போதுங்க."

எங்கள் டீமுக்கு இது தெரிந்ததும் வேறு வேலையே இல்லாமல் போனது. ஊருக்குப் போவதற்குள் ஸ்டாப்பர் ஒரு கோல் போட்டாக வேண்டும். செல்வம் கம்பங்களைப் பிடுங்கி அகலமாக நட்டான்; பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னும் அகலமாக நட்டான். பந்து இன்னும் தள்ளிப் போய் அதே கம்பத்தில் பட்டது. விழிதியூரிலிருந்து என் பெரியப்பா பேரனுடைய டீமை ஆட வரச்சொல்லி, பெனால்டி கிடைக்கும்படி ஏற்பாடு செய்தோம். அவர்களுடைய கோலிக்கு, பந்து எந்தப் பக்கம் வந்தாலும் எதிர்ப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தோம். அவன் சொன்னபடியே விழுந்து சொன்னபடியே கிடந்தான். பந்து கோட்டுக்கு வந்து, யாரோ அணைத்துப் பிடித்தது மாதிரி அடங்கி நின்றது. கிடந்தவன் காதருகே யாரோ மூச்சு வாங்குவது கேட்டதாம். செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியவன் இன்றுவரை காரைக்கால் வந்தால் கடற்கரைப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

ஸ்டாப்பர் அப்போதும் தலை குனிந்து வணங்கிவிட்டு வந்தார். ஆனால் நாள் ஆக ஆக முட்டியின் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

மங்கைதான் வழி சொன்னாள். "யாருமே கரையேத்தி விடாம அந்தப் புள்ள நின்னுக்கிட்டே இருக்கு. பாவம், அதுக்கும் கால் வலிக்காதா? ஆடி அமாவாசைக்கு உங்க அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடப் போறோம்ல, இவரையும் கூட்டிக்கிட்டுப் போவோம். அது நல்ல எடத்துக்குப் போயிடும், இவருக்கும் கோல் விழும்."

எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. உதுமான் பாய்கூட, "மவுத்தாப் போனவங்களுக்கு நல்லது செய்யறதுல என்ன தப்பு? செய்ங்க" என்றார். நான் ஸ்டாப்பரிடம் போய், எங்கள் ஊர்ப் படையல், கடற்கரையில் செய்வோம், யோங்சூவுக்கும் செய்யலாம் என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இரவல் வேட்டி கட்டிக்கொண்டு, அவனுக்குப் பிடிக்கும் என்று காய்ந்த கணவாய் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு வந்தார். ஐயர் கண்ணில் படாமல் அதை என் சைக்கிள் பெட்டியில் போட்டு மூடினேன்.

கடற்கரை முழுக்க ஜனம். ஐயர் அவசரத்தில் இருந்தார்.

"கோத்திரம்?"

"கொரியாங்க. தெரியாது" என்றேன்.

"அப்போ சிவ கோத்திரம்னு சொல்லச் சொல்லுங்கோ. பேரு?"

"யோங்சூ."

ஐயர் அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இவருக்கு என்ன உறவு?"

ஸ்டாப்பர் முந்திக்கொண்டார். "கோலிங்க."

ஐயர் என்னைப் பார்த்தார். சிநேகிதர், வேறு நாதியில்லாதவர் என்றேன். "காருண்ய பித்ருன்னு ஒண்ணு இருக்கு. சொந்தம் இல்லாதவா, சிநேகிதா எல்லாரும் அதுல வரலாம்" என்று மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். ஸ்டாப்பர் கைவிரல் இடுக்கு வழியாக எள்ளும் தண்ணீரும் விட்டார்.

"இப்ப வருவானாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன்.

ஐயரும் சொன்னார். "வந்து, வாங்கிண்டு, திருப்தியாக் கெளம்பிடுவார். இனிமே இங்க அலைய வேண்டியதில்லை." அவர் பேசிய வேகத்தில் ஸ்டாப்பருக்கு 'வந்து' என்பதுதான் புரிந்திருக்கும். சிரித்தார். நான் மிச்சத்தை விளக்கிச் சொல்லவில்லை, நல்ல காரியத்துக்கு எதற்கு விளக்கம் என்று இருந்துவிட்டேன்.

"திரும்பிப் பாக்காம வரணும்" என்று மங்கை எங்கள் இருவருக்கும் சொன்னாள். ஈர மணலில் மூன்று பேரும் நடந்தோம். பின்னாலேயே நாலாவது ஆள் நடக்கிற சத்தம் வந்தது. முன்விரல் ஊன்றி நடக்கிற சத்தம். எனக்குக் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மங்கை இடுப்பில் கிள்ளினாள். மணல் முடிந்து தார் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. எங்களோடு ரோட்டில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். உதுமான் பாய் நசீபை மறந்து பந்தைத் துரத்தி ஓடி ஸ்டாப்பர் காலில் போட்டார். ஸ்டாப்பர் அடித்தார். நான் நிஜமாகவே பாய்ந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். பந்து என் கைக்கு மேலே போனது. பின்னால் செல்வத்தின் மீன்வலை சர்ரென்று இழுபட்டது.

திடலே கத்தியது. செல்வம் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினான், உதுமான் பாய் அழுதார், நானும் கோல் வாங்கியவன் என்பதை மறந்து குதித்தேன். ஸ்டாப்பர் மட்டும் சிரிக்கவில்லை. கீழே இறக்கச் சொன்னார். போய் வலையிலிருந்து பந்தை எடுத்துவந்து வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க. நீங்களும்ங்க" என்று என்னையும் வெளியே வரச் சொன்னார்.

காலிக் கோலில் அடித்தார். உள்ளே போனது. எடுத்துவந்து மறுபடி அடித்தார். அதுவும் போனது. மறுபடியும், மறுபடியும். வலை ஒவ்வொரு தடவை உப்பும்போதும் அவர் முகம் சுருங்கியது. கடைசியில் பந்தை விட்டுவிட்டுக் கோட்டருகே போய்க் குந்தினார். மண்ணைத் தடவிப் பார்த்தார். என்னுடைய குதிகால் பள்ளம் மட்டும்தான் இருந்தது. கொரிய மொழியில் ஏதோ கேட்டார். பதில் வருகிறதா என்று காத்திருந்தார்.

"கோலி சார், அன்னிக்குக் கடல்ல என்னங்க செஞ்சோம்?" என்று என்னிடம் கேட்டார்.

"அனுப்பி வச்சோம் சார். நல்ல எடத்துக்கு."

"போன்னு சொன்னோமாங்க?"

"நீங்க கோல் போடணும்னுதான் சார். போட்டுட்டீங்களே."

"கோலி இல்லாம கோல் இல்லைங்க" என்றார்.

"நான் நின்னேனே சார்."

அவர் என்னைப் பார்த்தார். திடலில் முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தார். "நீங்க நின்னீங்க. ஆனா நீங்க பிடிக்கவே மாட்டீங்களேங்க" என்றார், அவ்வளவு மரியாதையாக. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ஒவ்வொருவராகத் திடலைவிட்டு நகர்ந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கையுறையை இறுக்கி மாட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றேன்.

"வைங்க சார் பந்த. இப்பப் போடுங்க, பாப்போம்."

"வேணாங்க."

"போடுங்கன்னா போடுங்க. மெதுவா அடிச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை வைத்தார். முதல் பந்து என் நெஞ்சில் மோதி வெளியே விழுந்தது. மூச்சு முட்டியது. எழுந்து நின்றேன். அடுத்ததை முட்டியால் தடுத்தேன், தோல் பிய்ந்தது. அடுத்தது தாடையில். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டடி பின்னால் போனார், சம்பளத்துக்கு ஆடிய காலத்தில் அடித்த மாதிரி அடிக்க ஆரம்பித்தார். நான் குதிகாலை மறந்து, வயசை மறந்து, சர்க்கரையை மறந்து, மண்ணில் புரண்டு புரண்டு எழுந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்து, சவுக்குத் தோப்பு கறுத்து, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை, அந்த மனிதரை நான் இன்னொரு கோல் போடவிடவில்லை.